எந்தக் கடலில் முக்குளிப்பது?

நுழையும்முன்

'குளித்தல்' என்றால் நீராடுதல் என்றே இன்று பொருள் கொள்கிறோம். 'முத்துக் குளித்தல்', 'சங்கு குளித்தல்' என்னும் தொடர்களில் அச்சொல் நீருள் மூழ்குதலைக் குறிக்கிறது. நீரில் மூழ்கிச் சற்றுத் தொலைவில் எழும் சிறு பறவைக்கு முக்குளிப்பான் என்று பெயர். பெங்களூரு ஏரிகளில் அதனை எளிதாகக் காணலாம். கடலில் முக்குளிக்க விரும்பிய ஒரு குடும்பம் அதற்கான இடத்தை எவ்வாறு தேர்ந்தெடுத்தது என்பதை இப்பாடம் கூறுகிறது.

மூச்சைச் சுமந்து செல்லுதல்

மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்கள் காலில் ஒரு கல்லைக் கட்டிக்கொண்டு விரைந்து கீழே இறங்கினர். அடக்கிய மூச்சு தீரும்வரை சிப்பிகளைச் சேகரித்தனர். இடுப்புக் கயிற்றை அசைத்ததும் படகில் இருப்பவர் மேலே இழுத்துக்கொள்வார். அக்கயிற்றைப் பிடிக்கும் பொறுப்பு மைத்துனனிடமே ஒப்படைக்கப்பட்டது என்று கூறுவர். தன் உடன்பிறந்தாள் கைம்பெண் ஆவதற்கு எந்த மனிதனும் இசையமாட்டான் அல்லவா! 'மலையேறப் போனாலும் மச்சான் தயவு வேண்டும்' என்னும் பழமொழி மலைக்கு மட்டும் உரியதன்று.

மூச்சை அடக்கும் தேவை 20ஆம் நூற்றாண்டில் நீங்கியது. 1943ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டினரான ழாக் குஸ்தோவும் எமில் கான்யானும் புதிய மூச்சுக்கருவி ஒன்றை உருவாக்கினர். முதுகில் சுமக்கும் உருளையிலிருந்து, சுற்றியுள்ள நீரின் அழுத்தத்திற்கு ஏற்றவாறு, மூச்சை இழுக்கும்போது மட்டும் அது காற்றைத் தரும். இத்தகைய கருவியுடன் மூழ்குவதையே ஸ்கூபா முக்குளிப்பு என்கிறோம்.

உருளையில் இருப்பது ஆக்சிஜன் என்று பலர் எண்ணுகின்றனர். வகுப்பறையில் நாம் சுவாசிக்கும் அதே காற்றே அதில் அழுத்தி அடைக்கப்பட்டுள்ளது. அதில் ஏறத்தாழ 78 விழுக்காடு நைட்ரஜன். 21 விழுக்காடு ஆக்சிஜன். உடலுக்குப் பயன்படாமல் உள்ளே சென்று வெளியே வரும் அந்த நைட்ரஜனை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இப்பாடத்தின் சிக்கலே அதனால்தான் எழப்போகிறது.

நான்கு கடற்கரைகள்

பெங்களூருவில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பம். தந்தை நடுவண் அரசு அலுவலர். சொந்த ஊர் கடலூர். மகள் ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறாள். மகனுக்கு வயது ஒன்பது. டிசம்பர் விடுமுறையில் வெள்ளி, சனி, ஞாயிறு ஆகிய மூன்று நாள்கள் தந்தைக்கு ஓய்வு கிடைத்தது. கடலுக்குள் மூழ்கிப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் விருப்பம். அந்தமானுக்கும் இலட்சத்தீவுகளுக்கும் விமானத்திலோ கப்பலிலோ செல்ல வேண்டும்; செலவு மிகுதி. ஆகவே சொந்தக் காரில் ஒரே நாளில் சென்று சேரும் இடமாக இருக்க வேண்டும் என்று முடிவாயிற்று.

நிலப்படத்தை விரித்தபோது நான்கு இடங்கள் தென்பட்டன. புதுச்சேரி ஏறத்தாழ 310 கிலோமீட்டர். கர்நாடகக் கடற்கரையில் உள்ள முருதேசுவரம் ஏறத்தாழ 500 கிலோமீட்டர். கோவா அதனினும் தொலைவு. இராமேசுவரத்தை ஒட்டிய மன்னார் வளைகுடா ஏறத்தாழ 600 கிலோமீட்டர். மன்னார் வளைகுடாவின் தீவுகள் 1986ஆம் ஆண்டு முதல் கடல்சார் தேசியப் பூங்காவாகப் பாதுகாக்கப்படுகின்றன. வனத்துறையின் அனுமதியின்றி அங்கு நுழைய இயலாது. மூன்று நாள் பயணத்திற்கு அது பொருந்தாது என்று முதலில் அதனை நீக்கினர்.

புதுச்சேரியே போதும் என்றார் தந்தை. அங்கிருந்து கடலூர் ஒரு மணி நேரத்திற்குள் சென்றுவிடும் தொலைவுதான். மாமியாரையும் பார்த்து வரலாம் என்று தாயும் மகிழ்ந்தார். மகள் மட்டும், "டிசம்பர் மாதத்தில் அந்தக் கடல் எப்படி இருக்கும், அப்பா?" என்று கேட்டாள். தொலைபேசியில் ஆயாவை அழைத்தனர். கடலூர் வட்டாரத்தில் பாட்டியை ஆயா என்று அழைப்பது வழக்கம்.

"படகெல்லாம் கரையேறிக் கிடக்கிறது, கண்ணு. மழை விட்டுத் தை பிறக்கட்டும். அதற்குப் பிறகு வாருங்கள்" என்றார் ஆயா.

காற்றின் நாள்காட்டி

கிழக்கிலிருந்து வீசும் காற்றைக் கொண்டல் என்றும், மேற்கிலிருந்து வீசுவதைக் கோடை என்றும், வடக்கிலிருந்து வருவதை வாடை என்றும், தெற்கிலிருந்து வருவதைத் தென்றல் என்றும் தமிழர் பெயரிட்டு அழைத்தனர். கடலில் தொழில் செய்வோருக்குக் காற்றின் திசையே நாள்காட்டி.

தென்னிந்தியாவின் இரு கரைகளும் ஒரே காலத்தில் கொந்தளிப்பதில்லை. சூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அரபிக் கடலிலிருந்து நேராக மேற்குக் கரையில் மோதுகிறது. அம்மாதங்களில் முருதேசுவரத்திலும் கோவாவிலும் முக்குளிப்பு நிறுத்தப்படும். அப்போது தமிழ்நாட்டுக் கரையோ மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை நிலைமை தலைகீழாகிறது. வடகிழக்குப் பருவக்காற்று வங்கக் கடலின் ஈரத்தை ஏந்தி வந்து தமிழ்நாட்டுக் கரையில் மழையாகப் பொழிகிறது. புயல்களும் அக்காலத்தில் உருவாகின்றன. மழைநீரைச் சுமந்து வரும் ஆறுகள் கடலில் சேற்றைக் கலக்கின்றன. கடலூர் அருகே தென்பெண்ணையும், புதுச்சேரி அருகே சங்கராபரணியும் கடலில் கலக்கின்றன. அந்நாள்களில் முக்குளிப்போருக்குத் தன் கையையே காண்பது அரிதாகலாம்.

அதே வடகிழக்குக் காற்று மேற்குக் கரையை அடையும்போது நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. அதனால் அங்குக் கரையோரத்தில் அலை குறைவு. ஆகவே டிசம்பரில் செல்ல வேண்டிய கடல் மேற்கே இருந்தது. 310 கிலோமீட்டர் தொலைவில் இருந்த கடல் விலக, 500 கிலோமீட்டர் தொலைவில் இருந்த கடல் நெருங்கி வந்தது.

தெளிந்த நீர் எங்கே?

கோவாவா, முருதேசுவரமா என்னும் வினா எஞ்சியது. தந்தையின் அலுவலக நண்பர்கள் கோவாவைப் பரிந்துரைத்தனர். கோவாவில் முக்குளிப்போர் பெரும்பாலும் கிராண்டு தீவைச் சுற்றியே இறங்குகின்றனர். அத்தீவு சுவாரி ஆற்றின் முகத்துவாரத்திற்கு அருகில் உள்ளது. ஆறு கொண்டு வரும் வண்டலால் அங்கு நீர் பல நாள்களில் மங்கலாகவே இருக்கும். விளம்பரப் படங்களில் காணும் பளிங்கு நீல நீர் எந்தக் கடலுடையது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

முருதேசுவரத்திலிருந்து முக்குளிப்போர் செல்லும் இடம் நேத்ராணி என்னும் தீவு. கரையிலிருந்து ஏறத்தாழ 19 கிலோமீட்டர் தொலைவில், மக்கள் எவரும் வாழாத பாறைத் தீவாக அது நிற்கிறது. புறாத் தீவு என்னும் பெயரும் அதற்கு உண்டு. சராவதி ஆறு வடக்கே ஹொன்னாவரத்தில் கடலில் கலந்தாலும், அதன் வண்டல் இவ்வளவு தொலைவுக்குப் பெரிதும் வந்து சேர்வதில்லை. ஆதலால் நல்ல நாள்களில் 15 மீட்டருக்கும் அப்பால் உள்ளது கண்ணுக்குத் தெரியும். பாறை இடுக்குகளில் களவா மீன்கள் பதுங்கியிருக்கும். சீலா மீன்கள் கூட்டமாகச் சுற்றும். கிளிமீன்கள் தம் அலகு போன்ற வாயால் பாறையைக் கொறிப்பது நீருக்கடியில் காதில் கேட்கும்.

புதுச்சேரிக் கடலில் பெருமளவு மணல் தரையே உள்ளது. எனினும் அங்கும் மீன்கள் உண்டு. இரும்பையும் கற்காரைக் கட்டிகளையும் கடலுக்குள் இறக்கிச் செயற்கைப் பார் ஒன்றை உருவாக்கியுள்ளனர். கடலடிப் பாறைத் திட்டைப் 'பார்' என்று அழைப்பது நம் மீனவர் வழக்கு. ஒதுங்க இடமில்லாத மணல் வெளியில் சிறிது நிழல் கிடைத்தாலும் சிறு மீன்கள் வந்து சேரும். அவற்றைத் தேடிப் பெரிய மீன்கள் வரும். மாசி, பங்குனி, சித்திரை மாதங்களில் கடல் அடங்கிய பின் அதனைச் சென்று காணலாம்.

வீடு எவ்வளவு உயரத்தில் உள்ளது?

தந்தை ஒரு திட்டம் வகுத்தார். வெள்ளிக்கிழமை முருதேசுவரம் சேர்வது. சனிக்கிழமை காலையில் இருமுறை மூழ்குவது. பிற்பகல் மூன்று மணிக்குப் புறப்பட்டு நள்ளிரவு கடந்து வீடு திரும்புவது. விடுதியில் ஓர் இரவுச் செலவு மிச்சம். ஞாயிறு முழுவதும் ஓய்வு.

திட்டம் சிக்கனமானதுதான். ஆனால் அதில் தொலைவு மட்டுமே கணக்கிடப்பட்டிருந்தது, உயரம் கணக்கிடப்படவில்லை.

கடலில் 10 மீட்டர் ஆழம் சென்றால் உடலின்மேல் உள்ள அழுத்தம் இருமடங்காகிறது. அழுத்தம் மிகுந்தால் வளிமம் நீர்மத்தில் மிகுதியாகக் கரையும். மூச்சுக்காற்றில் உள்ள நைட்ரஜன் அவ்வாறே இரத்தத்திலும் தசையிலும் கரைகிறது. கோலி சோடாவை நினைத்துப் பார்க்கலாம். கோலி வாயை அடைத்திருக்கும்வரை சோடா தெளிந்த நீர்போலவே தோன்றும். கோலியை உள்ளே அழுத்தியதும் அழுத்தம் குறைந்து குமிழிகள் பொங்கி எழும். முக்குளித்தவர் விரைந்து மேலே வந்தால் அவர் உடலுக்குள்ளும் அத்தகைய குமிழிகள் தோன்றக்கூடும். மூட்டுகளில் கடும் வலி, உணர்வின்மை, தலைச்சுற்றல், சில வேளைகளில் கைகால் செயலிழப்பு ஆகியவை அதன் அறிகுறிகள். அழுத்தக் குறைப்பு நோய் என்று அதற்குப் பெயர். அழுத்தம் மிகுந்த தனி அறையில் நோயாளியை வைத்து மருத்துவம் செய்ய வேண்டும். அத்தகைய அறை எல்லா ஊர்களிலும் இல்லை.

இதனால்தான் முக்குளிப்போர் மெதுவாக மேலேறுகின்றனர். 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடங்கள் நின்று வருவதும் வழக்கம். ஆயினும் கரைந்த நைட்ரஜன் முழுவதும் உடனே வெளியேறிவிடுவதில்லை. கரைக்கு வந்த பின்னும் பல மணி நேரம் அது சிறிது சிறிதாக வெளியேறிக்கொண்டே இருக்கும். அந்நேரத்தில் காற்றழுத்தம் குறைந்த உயரமான இடத்திற்குச் சென்றால், பாதி அழுத்திய கோலியை முழுவதும் அழுத்தியது போலாகும். முக்குளித்தவுடன் விமானத்தில் ஏறக்கூடாது என்னும் விதியைப் பலர் அறிவர். கார் ஓட்டிச் செல்வோர் அது தமக்கு உரியதன்று என்று எண்ணிவிடுகின்றனர். ஏறத்தாழ 600 மீட்டருக்கு மேற்பட்ட உயரம் எதுவாயினும் இவ்விதி பொருந்தும். ஒருமுறை மட்டும் மூழ்கியவர் குறைந்தது 12 மணி நேரமும், பலமுறை மூழ்கியவர் குறைந்தது 18 மணி நேரமும் காத்திருக்க வேண்டும்.

பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கும் மேல் உள்ளது. நாள்தோறும் அங்கு நடமாடுவோர்க்கு அந்த உயரம் தெரிவதில்லை. முருதேசுவரத்திலிருந்து ஹொன்னாவரம் வழியாகச் செல்லும் சாலை, கெருசொப்பா மலைப்பாதையில் ஏறிச் சாகரத்தை அடைகிறது. கடற்கரையை விட்டு மூன்று மணி நேரத்திற்குள் கார் ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்தில் இருக்கும். சிவமொக்காவைக் கடந்து துமகூருவை அடையும்போது உயரம் 800 மீட்டரைத் தாண்டிவிடும். மங்களூரு வழியாகச் சுற்றிச் சென்றாலும் மலையைத் தவிர்க்க இயலாது. புதுச்சேரிச் சாலை வேறு வகையானது. திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை, ஊத்தங்கரை என்று நெடுந்தொலைவு தாழ்நிலத்திலேயே சென்று, கிருஷ்ணகிரிக்கும் ஒசூருக்கும் இடையில்தான் மேட்டில் ஏறுகிறது. ஏற்றம் தாமதமாக வருகிறதே தவிர, அங்கும் காத்திருக்கும் நேரம் குறைவதில்லை.

விமானத்தினுள் உள்ள அழுத்தத்தோடு ஒப்பிட்டால் பெங்களூருவின் உயரம் பெரிதன்று. ஆழம் குறைந்த முதல் முயற்சிகளில் இடர் சிறிதே. ஆனால் ஓர் இரவு வாடகைக்காக அந்தச் சிறிய இடரை ஏற்க வேண்டிய தேவை என்ன?

மகள் தாளில் புதிய கணக்கை எழுதினாள். சனிக்கிழமை நண்பகல் 12 மணிக்கு இரண்டாம் முறை மூழ்கி எழுவதாகக் கொண்டால், 18 மணி நேரம் ஞாயிறு காலை 6 மணிக்கு நிறைவுறும். 7 மணிக்குப் புறப்பட்டால் மாலைக்குள் வீடு சேரலாம். திங்கட்கிழமைப் பள்ளி தவறாது. தந்தை கணக்கை இருமுறை பார்த்துவிட்டு, விடுதிக்கு இன்னோர் இரவுக்கும் பதிவு செய்தார்.

ஒரு படிவம்

முக்குளிப்புப் பயிற்சி நிலையம் உடல்நலப் படிவம் ஒன்றை அனுப்பியிருந்தது. ஆஸ்துமா உண்டா, காதில் அறுவை நடந்ததா, இதய நோய் உண்டா, நாள்தோறும் மருந்து உட்கொள்கிறீர்களா என்று வினாக்கள் நீண்டன. பத்து வயது நிறையாதவர் கடலில் முக்குளிக்க இயலாது என்று முதல் பத்தியிலேயே இருந்தது. தம்பி அதனைப் படித்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டான்.

தந்தையின் பேனா ஒரு வினாவில் நின்றது. அவர் ஓராண்டாக இரத்த அழுத்தத்திற்கு மாத்திரை உட்கொள்கிறார்.

"இல்லை என்று எழுதினால் யாருக்குத் தெரியப்போகிறது?" என்றார்.

"உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்குகிறவருக்குத் தெரிய வேண்டாமா?" என்று கேட்டார் தாய்.

நீருக்கடியில் ஒருவருக்கு மயக்கம் வந்தால், அவரை மேலே கொண்டுவருபவரும் விரைந்து மேலேற நேரும். படிவத்தில் மறைக்கும் ஒரு சொல் இருவருடைய உடலையும் தொடும். தந்தை 'ஆம்' என்று எழுதி, மறுநாள் மருத்துவரைக் கண்டார். அழுத்தம் இன்னும் கட்டுக்குள் வரவில்லை, சில மாதங்கள் கழித்துப் பார்க்கலாம் என்று மருத்துவர் கூறிவிட்டார். பயணத்தையே கைவிடலாமா என்று அன்று இரவு பேச்சு எழுந்தது. முக்குளிப்பைப் பற்றி ஒருபோதும் எண்ணியிராத தாய், "நான் அவளுடன் இறங்குகிறேன்" என்றார்.

பதிவுச் சீட்டில் முக்குளிப்போர் இருவர் என்றும், படகில் வருவோர் இருவர் என்றும் எழுதப்பட்டது. சளி பிடித்தால் காதினுள் அழுத்தத்தைச் சமன்செய்ய இயலாது என்பதால், புறப்படும் நாள்வரை மகள் ஐஸ்கிரீமைத் தொடவில்லை. அதனால்தான் சளி வரும் என்பதில்லை, இருந்தாலும் தொடவில்லை. தம்பிக்கு ஏப்ரல் மாதத்தில் பத்து வயது நிறைகிறது. புது நாள்காட்டியில் அக்கா அம்மாதத்தின் பக்கத்தைப் புரட்டி, 'புதுச்சேரி' என்று எழுதி, அதன் கீழே 'ஆயா வீடு' என்றும் எழுதிக் கொடுத்தாள். அவன் அதனை வாங்கி, அப்பாவின் பெயரையும் பக்கத்தில் சேர்த்தான்.

பயிற்சி

1. 'முத்துக் குளித்தல்', 'ஆற்றில் குளித்தல்' ஆகிய தொடர்களில் 'குளித்தல்' என்னும் சொல்லின் பொருள் வேறுபாட்டை விளக்குக.

2. வடகிழக்குப் பருவக்காற்று ஒரு கரையைக் கலக்கி, மறு கரையை அமைதியாக்குவது எவ்வாறு?

3. கோலி சோடா எடுத்துக்காட்டை உன் சொந்தச் சொற்களில் ஐந்து வரிகளில் எழுதுக.

4. ஒருவர் சனிக்கிழமை காலை 9 மணிக்கு ஒரே ஒருமுறை மூழ்கி எழுந்தார். அவர் எப்போது 600 மீட்டர் உயரத்தைக் கடக்கலாம்?

5. புணே நகரம் ஏறத்தாழ 560 மீட்டர் உயரத்தில் உள்ளது. மால்வண் கடலில் முக்குளித்த குடும்பம், ஏறத்தாழ 690 மீட்டர் உயரமுள்ள அம்போலி மலைப்பாதை வழியாகப் புணே திரும்புகிறது. வீட்டின் உயரத்தை மட்டும் பார்த்தால் போதுமா?

6. நீ வாழும் ஊரின் உயரம் எவ்வளவு? அங்கிருந்து காரில் செல்லத்தக்க கடற்கரை எது? அது எந்த மாதங்களில் அமைதியாக இருக்கும்? வீட்டில் உள்ள பெரியவர்களிடமும் புவியியல் ஆசிரியரிடமும் கேட்டு ஒரு பக்கம் எழுதுக.